இறக்கத்தில் வந்த முகம்

சுடர்க்கொடியின் கல்யாணம் ரோலர் கோஸ்டர் அடியிலேயே முறிந்துபோக இருந்தது.

ஜாதகம் பார்ப்பதை ஜனங்கள் விட்டுவிட்டிருந்தார்கள். உலகத்திலேயே உயரமான அந்த ரோலர் கோஸ்டரில்தான் மாப்பிள்ளையை ஏற்றிப் பார்ப்பார்கள். உச்சியிலிருந்து தலைகுப்புற விழும்போது ஏறியவன் மனதில் யார் முகம் வருகிறதோ, அது கீழே படமாக வந்துவிடும். பெண்ணின் முகம் வந்தால் கல்யாணம். மாப்பிள்ளை பொன்சிங்குக்கு அவன் அம்மா முகம் வந்தது.

"அம்மா முந்தானையைப் பிடிச்சிட்டுத் திரியுறவனுக்கு என் மகளைத் தரமாட்டேன்" என்றார் தங்கப்பழம். யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை அவர். சுடர்க்கொடி கண்ணைக் கசக்கினாள்.

"நீங்க ஒருதடவை ஏறிப் பாருங்க, மாமா. அங்க நாம நினைக்கிறதா வருது?" என்றான் பொன்சிங்.

"ஏறுங்களேன். என் மூஞ்சி வருதான்னு நானும் பாக்கேன்" என்றாள் அவர் மனைவி ராஜகனி.

அதற்குமேல் மறுக்க முடியுமா? தங்கப்பழம் பொன்சிங்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறுகிறவரை அவனைத் திட்டிக்கொண்டே போனார். உச்சியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டி விழுந்ததும் அவன் கையை இறுக்கிப் பிடித்து, "மாப்ள, விட்றாதீங்க மாப்ள!" என்று அலறினார்.

கீழே ராஜகனி அவருக்கு வந்த படத்தோடு நின்றாள். அதில் பொன்சிங் முகம் பளிச்சென்று இருந்தது.

"முப்பது வருசமா சோறு பொங்கிப் போட்டவ மூஞ்சி வரல. உங்க மாப்பிள்ளை மூஞ்சி வந்திருக்கு. கல்யாணத்துக்கு நாள் பாருங்க" என்றாள்.

தங்கப்பழம் பொன்சிங்கின் கையை இன்னும் விட்டபாடில்லை.