பச்சைப் பெட்டியின் கூரை

கூரை மட்டும் கழலவில்லை.

சக்கரங்கள் ஒரு கிண்ணத்தில், கொக்கிகள் இன்னொன்றில். ஓர் அடி நீள மாதிரி ரயில்பெட்டி, கூரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் கையில்.

என் நண்பன் ஆர்னே தன் கையால் பச்சை அடித்து எனக்கு விற்ற பெட்டி. எனக்கு அது அரக்குச் சிவப்பாக வேண்டும். சனிக்கிழமை எங்கள் மாதிரி ரயில் சங்கத்துக் கண்காட்சியில் என் மற்றப் பெட்டிகளோடு ஓட வேண்டும்.

பழைய வண்ணம் போக ஸ்பிரிட்டில் ஊறவைக்க வேண்டும். அதற்கு முன் ஜன்னலின் பிளாஸ்டிக் கண்ணாடிகளை எடுத்துவிட வேண்டும்; ஊறினால் மங்கிப் பூத்துப்போகும். கண்ணாடி வர, கூரை வர வேண்டும். சுவர்களை லேசாக விரித்தால் உள்ளே இருக்கும் கவ்விகள் விட்டு, டப்பா மூடிபோல எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை. என் நகம்தான் எழும்பியது.

ஆர்னேவுக்கு போன் போட்டேன்.

“ஏம்ப்பா, ஒட்டித் தொலைச்சியா? உன் பச்சைய நான் சுரண்டிடக் கூடாதுன்னுதானே?”

“கூரைய ஒட்டுறவன் கையை உடைக்கணும்னு உனக்குச் சொன்னவனே நான்தான். சனிக்கிழமை உன் தண்டவாளத்த வேற எவன் மேஜையோடயாவது சேத்துக்கோ.”

வைத்துவிட்டான். கண்காட்சியில் ஆளுக்கொரு மேஜையில் தண்டவாளம் போட்டு, பக்கத்து மேஜையோடு இணைப்போம்; என் தண்டவாளம் இத்தனை வருடமும் அவன் மேஜையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நிலவறையின் மறுமூலையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி லோயிஸ் நிமிராமலே சொன்னாள்: “ப்ரீசர்ல வை. அந்தப் பசை குளிர்ல மொறுமொறுன்னு ஆயிடும்.”

“இது ரயில்பெட்டி லோயிஸ். மீன் இல்ல.”

“ஆர்னே மேல கத்துறதுக்கு அது தேவலை.” துணிக்கூடையோடு படியேறி மேலே போய்விட்டாள்.

வேறு வழியில்லை. ஏரி மீன் பொட்டலங்களின் மேல் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, திருப்புளியின் கைப்பிடியால் ஓரத்தில் ஒரு தட்டு.

டிக்.

கூரை தனியே வந்தது. உள்ளே பொம்மைப் பயணிகள் அவரவர் இருக்கையில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் நடைபாதையில் குப்புறக் கிடந்தார். பெட்டி எப்போதோ கீழே விழுந்திருக்கிறது.

கூரையின் விளிம்பு நெடுக, காய்ந்து வெடித்த பசை. அதற்குள் ஒரு முடி. குட்டையானது, செம்மஞ்சள் நிறம்.

ஆர்னேவுக்குப் பூனை ஆகாது, கண் வீங்கிவிடும். அவன் வந்தால் எங்கள் செவலைப் பூனையைக் குளியலறையில் போட்டு அடைப்போம். அது இந்த நிலவறைக்குள் வரவே கூடாது என்பது என் சட்டம். லோயிஸ் ‘அந்தப் பசை’ என்றது நினைவுக்கு வந்தது.

தலைக்கு மேலே லோயிஸின் காலடிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுபடி போன் போட்டேன். எடுத்தான்.

“நீ ஒட்டலப்பா.”

“அப்ப யாரு ஒட்டினது?”

நிமிர்ந்து மேற்கூரையைப் பார்த்தேன். அங்கே இன்னும் அசைவில்லை.

“ப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வெச்சு ஒரு தட்டு தட்டினா போதும், ஆர்னே,” என்றேன். “சுத்தமா விட்டுடுது.”