கலங்காத படம்

"போன நிகழ்ச்சியில எடுத்த படம் பூராம் கலங்கிக் கெடக்கு. நீங்கள்லாம் எதுக்குப் பாய் கேமராவத் தூக்குறீக?" என்று நடனக் குழுப் பெண் மாரீஸ்வரி எல்லோர் முன்னாலும் கேட்டதும் அஷ்ரப்புக்குச் சுருக்கென்றது.

"யூவி லைட்டுல பெயிண்ட் மட்டுந்தான் மினுங்கும். இருட்டுல ஆளுக ஆடுனா கலங்காம என்ன செய்யும்?"

"லைட்டக் கூட்டிக் கிட்டக்க வைங்க. ஷட்டர் வேகத்தக் கூட்டுங்க. இன்னைக்கு எனக்குத் தெளிவா வேணும்."

"மகாராணிக்குப் பெரிய நடிகைன்னு நெனப்பு," என்றான் நடன மாஸ்டர் சுருளிராஜன். குழுவே சிரித்தது.

இந்தத் திமிர் பிடித்தவளின் வாயை அடைத்தே தீருவது என்ற ஆத்திரத்தில் அஷ்ரப் கூடுதல் யூவி விளக்குகளை மேடையோரம் பொருத்தினான். தேவாரம் கல்யாண மண்டபம் இருண்டது. மாஸ்டரும் ஐந்து பெண்களும் கறுப்பு உடையில் ஆட, பெயிண்ட் பூசிய முகங்களும் கைகளும், பெண்களின் வெள்ளை இடுப்புக் கச்சைகளும் மட்டும் ஒளிர்ந்தன. அவன் படமாக எடுத்துத் தள்ளினான்.

ஆட்டம் முடிந்து மண்டபத்து விளக்குகள் எரிந்தன. "பெரிய திரையில போடுங்க பாய். மகாராணி லட்சணத்த ஊரே பாக்கட்டும்," என்றான் மாஸ்டர்.

அஷ்ரப் போட்டான். துளிக்கூடக் கலங்கல் இல்லை. மாரீஸ்வரியின் முகம் வெறுப்பில் கோணியிருந்தது. அவள் இடுப்பை ஒரு பச்சைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைப் பிரித்தெடுக்க அவளுடைய மஞ்சள் கை போராடியது.

"எத்தன தடவ சொல்லியும் யாரும் நம்பல. இருட்டுல தெரியாமப் பட்டிருக்கும்னாக," என்றாள் மாரீஸ்வரி. "அதான் இன்னைக்குக் கையில ஆளுக்கொரு கலரு பூசச் சொன்னேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் தன் பச்சைக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.