தரமான சென்சார்

"வாஷிங் மெஷின்ல பிடுங்கினதையா எஞ்சின்ல வைக்கப்போற?"

கம்பெனி சர்வீஸ் சென்டர் மேனேஜர் எவரிஸ்தோவின் முகம், கெட்டுப்போன மீனை மோந்ததுபோல் சுருங்கியது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. மெக்கானிக் ஃபெலிசா தன் சின்னப் பட்டறையில், எஞ்சின் கிளம்பத் தேவையான, செத்துப்போன கேம் சென்சாரின் உள்பாகத்தை நோண்டி எடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் பழைய வாஷிங் மெஷின் மோட்டாரின் சென்சாரை வைத்து, ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்தாள்.

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் வண்டியெல்லாம் நடுரோட்டுல நிக்குது."

"கம்பெனி சென்சார் வர எவ்வளவு நாளாகும், சார்?"

"ரெண்டு மாசம். தரம்னா காத்திருக்கத்தான் வேணும்."

ஃபெலிசா சென்சாரை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே உறுமியது.

எவரிஸ்தோ அவளை இறங்கச் சொல்லிவிட்டு, தன் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் இங்க வந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மனாங்."

இவ்வளவு நேரம் 'நீ'யாக இருந்தவள் ஒரே நிமிடத்தில் அக்காவாகிவிட்டாள்.

"சொல்லமாட்டேன் சார். அவசரமா எங்க போறீங்க?"

"டீலர்கள் கூட்டம். நான்தான் பேசணும்."

"எதைப் பத்தி?"

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே முணுமுணுத்தார்.

"பழைய பாகங்களை மாட்டினா வர்ற ஆபத்து பத்தி."