இறுகாத அச்சு

பொய்ப்பல் செய்ய எமல்டாவுக்கு உரிமம் இருந்தது. ஒருவர் வாய்க்குள் கை வைக்க இல்லை. அது டாக்டருக்கு மட்டுமே உரியது, மீறிப் பிடிபட்டால் சிறை. அவள் கடைக்குப் பல் டாக்டரோ வியாழக்கிழமை மட்டும்தான் வருவார் என்பது தெருவுக்கே தெரியும். அன்று செவ்வாய். ஓய்வுபெற்ற கண்டக்டர் மாசிலாமணியின் பல்லில்லாத வாய்க்குள், பொய்ப்பல்லுக்கு அளவெடுக்கும் பசை நிரப்பிய அச்சுத் தட்டை வைத்து, மேலண்ணத்தோடு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மூணு நிமிஷம் அசையாதீங்க அண்ணாச்சி. பசை இறுகட்டும்."

சற்று முன்புதான் அவர், "பல்லு வந்ததும் முதல்ல ஒரு விசில் ஊதிப் பாக்கணும்ளா" என்று சிரித்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். "உரிமச் சோதனைக்கு வந்திருக்கேன். நீங்கதான டாக்டரு?" அவர் பார்வை அவள் கையில் நின்றது. "வேலைய முடிச்சிட்டே சான்றிதழக் காட்டுங்க. பாதியில கைய எடுத்துராதீங்க, பாவம் பெரியவரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

கை உள்ளே இருக்கும்வரை அவள் டாக்டர். எடுத்துவிட்டால் சான்றிதழ் கேட்பார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஓடியது. பசை கல்லாகிவிட்டது விரலுக்குத் தெரிந்தது. மாசிலாமணியின் கடைவாயில் எச்சில் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது.

"இன்னுமா இறுகல?" என்றார் அதிகாரி.

எமல்டா கையைத் தளர்த்தினாள். அப்போது மாசிலாமணியின் கீழ் ஈறு மெல்ல எழும்பி, அவள் விரலைத் தட்டோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது.

"இன்னும் இல்ல சார்" என்றாள்.