இதோ, இப்போ பிரியும்

"இதோ பிரியப்போகுது மேடம், கண்ணை எடுக்காம பாருங்க!"

இதை எத்தனை தடவை சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் ஒரு செல் உருண்டு திரண்டு நின்றது. நடுவில் குரோமோசோம்கள் வரிசை கட்டியிருந்தன. அடுத்து அது இரண்டாகப் பிரிய வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்து நாற்காலியில் அவனோடு வேலை பார்க்கும் ஆய்வாளர். இந்த ஆய்வகத்தில் அவளுக்கு இன்று கடைசி நாள். மாலை ரயிலில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். அவளைப் பிடித்திருக்கிறது என்ற ஒரு வரியை அவன் வருஷக்கணக்காக மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கும் சொல்லாம வந்தே, வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்!" காலையில் அக்கா கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மத்தியானம் அலமாரியிலிருந்து செல்கள் இருந்த ஒரு கண்ணாடித் தட்டை அவசர அவசரமாக எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தான். செல் பிரியும், அவள் "அடடா" என்பாள், சூட்டோடு சூடாகச் சொல்லிவிடலாம். காதலைச் சொல்ல ஒரு செல்லின் தயவை நாடும் வீரன் உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"ஏன் சார் இவ்ளோ நேரம் ஆகுது?"

"லேசுப்பட்ட காரியமா மேடம்? அதோட வாழ்நாள்ல பெரும்பகுதி தயாராகறதுலயே போயிடும். முதல்ல வளரணும். அப்புறம் டிஎன்ஏவை இன்னொரு பிரதி எடுக்கணும். தப்பு இருக்கான்னு சரிபார்க்கணும்."

"அதெல்லாம் முடிஞ்சுதானே இங்க வந்து நிக்குது? இன்னும் என்ன தயக்கம்?"

"ஒரே ஒரு குரோமோசோம்ல, அதை இழுத்துப் பிரிக்கற இழை சரியா மாட்டலைன்னாலும் நின்னுடும். அவசரப்பட்டா காரியம் கெட்டுடுமே!"

"அப்போ பக்கத்துல இருக்கறவங்க காத்துக்கிட்டே கிடக்கணும்?"

"பொறுமையா…"

செல்லுக்கு வக்காலத்து வாங்குகிறானா, தனக்கா? அவனுக்கே எரிச்சலாக வந்தது. செல்லாவது ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். இவனோ மீசை நரைத்தும் 'முதல்ல வளரணும்' கட்டத்தைத் தாண்டவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டி வந்துடுச்சு சார்."

அவன் பதறி எழுந்தான். "ஒரு நிமிஷம் மேடம்! இது பிரிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பிரிஞ்சாதான் சொல்வீங்களா?"

"இதோ, லேசா அசையுது பாருங்க!"

அவள் பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது அசையாது சார். நீங்க அவசரத்துல எடுத்தது என்னோட தட்டு. நேத்தே ஃபார்மலின் ஊத்தி எல்லா செல்லையும் கொன்னு வச்சிருந்தேன். பிரியாதுன்னு தெரிஞ்சும் மத்தியானத்துலருந்து உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேனே, அதுகூடவா உங்களுக்குப் புரியல?"