நைலான் பூசணி

"தையல் சரியில்லக்கா. காத்து கசியுது. அதான் பாடமாட்டேங்குது."

மச்சினன் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சுருக்கென்றது. தன் மனைவியின் தையலில் குறை சொல்ல இவன் யார்?

கூடத்தை அடைத்துக்கொண்டு உப்பி நின்றது நைலான் பூசணி. நூலகத்தில் பிள்ளைகள் தொட்டு விளையாட வைக்கப்போகும் இசைச் சிற்பத்தின் மாதிரி. வடிவமும் தையலும் மனைவி. துணிக்கு உட்புறம் சென்சார் பட்டைகளை ஒட்டி, அமுக்கினால் பாட வைப்பது அவள் தம்பி. மறுநாள் நூலகத்தார் பார்க்க வருகிறார்கள்.

வேலை போனதிலிருந்து எதையும் தொடாமல் முடங்கிக் கிடந்தவன். இதுவும் சொதப்பினால் இந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

மற்ற பக்கமெல்லாம் ஒழுங்காகப் பாடியது. ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் ஊமை. கையை எடுத்தால் ஊளை.

அவள் பூசணிக்குக் காற்றடிக்கும் விசிறியை நிறுத்தினாள். பூசணி பெருமூச்சு விட்டுத் தரையில் படுத்தது. அந்தப் பக்கத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். தம்பியோ டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

அவருக்குப் பொறுக்கவில்லை. "ரெட்டைத் தையல் போட்டிருக்க. இதுவரைக்கும் உன் கைல ஒரு நூல் விட்டுப் போனதில்ல. அவன் பாட்டுக்குப் பேசறான், நீ பாட்டுக்குக் கேட்டுட்டு இருக்க. வாயைத் திறந்தா என்ன?"

"அந்தக் கத்திரிக்கோலை எடுங்க."

எடுத்துக் கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தார். தையல் எந்திரம் கடகடவென்று ஓடி ஓய்ந்தது.

அவர் எழுந்து வந்தபோது பூசணி மறுபடி நிமிர்ந்திருந்தது. மச்சினன் அந்தப் பக்கத்தை அமுக்கினான். பாடியது. இன்னொரு தடவை அமுக்கினான். பிறகு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"பாத்தீங்களா மாமா? நான் அப்பவே சொன்னேன், தையல்தான்னு. என் வேலைல குறையே இல்ல."

"ஆமாடா, என் தப்புதான்," என்றாள் அக்கா.

வீட்டுக்குக் கிளம்பும்போது, அடுத்து இதைவிடப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று தெருவில் நின்று பேசிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவர் கேட்டார். "நிஜமாவே காத்து கசிஞ்சுதா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு நல்லா இருந்த தையலைப் பிரிச்ச?"

"பட்டையைத் தலைகீழா ஒட்டியிருந்தான். திருப்பி ஒட்டணும்னா உள்ள கை போகணுமே."