ரேம் மாட்டியாச்சு

"உயிர் இருக்கு. பேச்சுதான் இல்ல" என்றார் டாக்டர், நோயாளியின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு.

நோயாளி, மேசை மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்த கம்ப்யூட்டர். அந்த வீட்டுப் பெண் தன் கையாலேயே புதிதாகக் கோத்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடிகள் சுற்றின. திரையில் மட்டும் அமாவாசை.

டாக்டர் என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவருக்கு வேலை. ஊரே ஒப்புக்கொண்ட அந்தப் பெயரை அவருடைய மச்சான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் டாக்டர். உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் மாமா ஐசியூவுலயே கிடக்கு?" என்று போன வாரம் சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். இன்று சாயங்காலம் வேறு வருகிறான். அதற்குள் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஜொலிக்க வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"நானே பாத்துப் பாத்து மாட்டினேண்ணா. சாயங்கால வகுப்புல சொல்லிக் கொடுத்த மாதிரியேதான்" என்றாள் பெண், நகத்தைக் கடித்துக்கொண்டே. "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல."

"பிளக்கு போட்டிருக்கியான்னு பாருடி!" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

"போட்டிருக்கும்மா!"

"சுவிட்சு?"

"அம்மா!"

டாக்டர் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். கண் கூசியது. உள்ளே ரேம் என்கிற நினைவகப் பட்டை, சிவப்பு நீலம் பச்சை என்று நிறம் மாறி மாறி வானவில் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடியே வியாதியும் தெரிந்துவிட்டது. பிராசசருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர், மாட்டப்படாமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். சொருகினால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வானவில் வெளிச்சத்தில் மச்சானின் முகம், வாய் பிளந்தபடி, மனக்கண்ணில் வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மற்ற பாகங்களை நோட்டம் விட்டார். மதர்போர்டில் மேலத்தெருக் கடையின் ஸ்டிக்கர். பவர் சப்ளையில் எதிர்க்கடை ஸ்டிக்கர். ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு கடையுடையது. எல்லாமே அரதப் பழசு. புதுசு என்று சொல்லி, ஆளாளுக்கு இந்தப் பெண்ணின் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்!

ஆற்றோடு போகிற தண்ணீர். அம்மா குடி, ஐயா குடி. நாம் மட்டும் ஏன் தாகத்தோடு நிற்க வேண்டும்?

"கொஞ்சம் சிக்கலான கேசும்மா."

"பொழைக்குமாண்ணா?"

"பாக்கலாம். நீ பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

"அப்ப டீ போட்டுட்டு வரேன். எங்க வீட்டு அடுப்பு கொஞ்சம் மெதுவாத்தான் எரியும். பரவாயில்லையாண்ணா?"

"மெதுவாவே எரியட்டும்மா!"

சமையலறையில் தாயும் மகளும் சர்க்கரை எத்தனை கரண்டி என்று உரக்கச் சண்டை போட்டார்கள். கம்ப்யூட்டரை அணைத்தார் டாக்டர். விரல்கள் பறந்தன. வானவில் ரேம் அவர் பைக்குள் போனது. போகிற வீட்டிலெல்லாம் சோதித்துப் பார்க்க அவர் பையில் வைத்திருக்கும் சாதா ரேம், அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

டீ வந்தது. டாக்டர் ஒயரைச் சொருகினார், பட்டனைத் தொட்டார். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"கைராசிக்காரர்!" என்று அம்மா கைதட்டினாள்.

"கலர் லைட்டைக் காணோமேண்ணா?"

"அதுதாம்மா கரண்டையெல்லாம் குடிச்சிட்டு இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன்."

"அடடா! இதை வகுப்புல சொல்லியே தரலையே!"

பெண் கூலியை நீட்டினாள். டாக்டர் பதறிப்போனார். "தங்கச்சிகிட்ட போய் காசு வாங்குவேனா? சாயங்காலம் மச்சான் வரான்மா. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாத்து அவன் அசந்து போகணும். வரட்டா?"

டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி, விசிலடித்துக்கொண்டே படியிறங்கினார்.

பெண் கதவைச் சாத்தினாள்.

"மாட்டிட்டாராடி?"

"மாட்டிட்டாரும்மா" என்றாள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்து. "நல்ல ரேம். அழுக்கா இருக்கு, ஆனா ஜோரா ஓடுது."

"வகுப்புக் குப்பைத் தொட்டியில நீ பொறுக்கிட்டு வந்த செத்த ரேமு?"

"அவரோட போயாச்சு."

"பாவம்டி. மச்சான் வேற வராராமே."

"கவலைப்படாதம்மா. லைட்டு மட்டும் நல்லா எரியும்."

கம்ப்யூட்டரை அணைத்து, பிராசசர் ஒயரை மறுபடி கழற்றி, முன்பு போலவே ஓரமாகத் தொங்கவிட்டாள். மேசை டிராயரிலிருந்து, அதே குப்பைத் தொட்டியில் கிடைத்த இன்னொரு செத்த சாமானை, தங்க நிறத்தில் மினுக்கும் கிராபிக்ஸ் கார்டை எடுத்துப் பெட்டியில் பொருத்தினாள். பிறகு அடுத்த கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, புதுக் கம்ப்யூட்டர்... நானே பாத்துப் பாத்து மாட்டினேன். எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல..."

அந்தப் புதுக் கம்ப்யூட்டரில் அவள் காசு கொடுத்து வாங்கியது, வெளியே இருந்த பெட்டி ஒன்றைத்தான்.